சூடு ஓடும், உப்பு நடக்கும்

ஒரகடத்தில் தயாராகும் பாரத்பென்ஸ் லாரியானாலும் சரி, ராயல் என்ஃபீல்டு வண்டியானாலும் சரி, உள்ளே கியர்ப்பெட்டி இருக்கிறது. கியர்ப்பெட்டியின் பல்சக்கரங்களைப் பொதுவாகப் பதப்படுத்தும் முறை ஒன்று உண்டு. 900 டிகிரி செல்சியஸைத் தாண்டிய உலைக்குள், கார்பன் மிகுந்த வாயுவுக்கு நடுவே, அவற்றைப் பல மணி நேரம் வைப்பார்கள். கார்பன் அணுக்கள் எஃகின் மேற்பரப்பு வழியாக மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். பிறகு எண்ணெயில் முக்கிக் குளிர்வித்தால் மேல்தோல் தேயாத கெட்டியாகவும், நடுப்பகுதி அடி தாங்கும் உறுதியோடும் அமையும். பட்டறைகளில் கேஸ் ஹார்டனிங் என்பது இதைத்தான். ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் ஒன்று அனுபவத்திலேயே தெரிந்திருக்கும். சக்கரம் முழுக்கச் சூடேறுவது சீக்கிரம் நடந்துவிடும். கார்பன் ஒரு மில்லிமீட்டர் ஆழம் போகத்தான் மணிக்கணக்காகக் காத்துக்கிடக்க வேண்டும்.

அப்படி வேலை பார்க்கும் ஒருவர் வார விடுமுறையில், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நாலு பேர் சேர்ந்து எடுத்திருக்கும் வாடகை அறையில், அரை கிலோ இறாலை மசாலா போட்டு அவிக்கிறார். வாயில் போட்டால் மேலே உப்பும் காரமும் தூக்கலாக இருக்கிறது. கடித்தால் உள்ளே சப்பென்றிருக்கிறது. இன்னும் ஐந்து நிமிடம் கொதித்தால் மசாலா ஏறிவிடும் என்று அடுப்பைக் கூட்டுகிறார். மசாலா ஏறுவதில்லை, இறால்தான் ரப்பராகிறது. உலையடியில் தெரிந்த கணக்கு அடுப்படியிலும் அப்படியே செல்லும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

1822-ல் ஜோசப் ஃபூரியே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர், ஒரு பொருளுக்குள் சூடு எப்படிப் பரவுகிறது என்பதற்கான சமன்பாட்டை ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். 1855-ல் அடோல்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானிய உடலியல் ஆய்வாளர், உப்பு நீருக்குள் பரவுவதை அளந்து பார்த்து, ஃபூரியே சூட்டுக்குச் சொன்ன விதி உப்புக்கும் பொருந்தும் என்று காட்டினார். விதி ஒன்றுதான், வேகத்தில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். நீர் நிறைந்த சதைக்குள் சூடு பரவும் வீதம், உப்பு பரவும் வீதத்தைப்போல நூறு மடங்குக்கும் மேல். எஃகுக்குள் சூட்டுக்கும் கார்பனுக்கும் உள்ள இடைவெளி இன்னும் பெரிது, சில லட்சம் மடங்கு.

எண்களில் போட்டுப் பார்க்கலாம். நடுப்பகுதி 15 மில்லிமீட்டர் பருமன் உள்ள இறால். ஐஸிலிருந்து எடுத்துக் கொதிநீரில் போட்டால் அதன் மையம் 65 டிகிரியை எட்ட ஏறத்தாழ இரண்டு நிமிடம் போதும். உப்பு அதே அளவுக்கு மையம்வரை ஊறிப் போக நாலு மணி நேரம் வேண்டும். பருமன் இரட்டித்தால் இரண்டு நேரமும் நாலு மடங்காகும்; பாதியானால் கால்பங்காகும். பொடி இறால் அரை நிமிடத்தில் வெந்துவிடுவதும், பெரிய புலி இறாலுக்குப் பொறுமை தேவைப்படுவதும் இதனால்தான். கொதிக்கிற இரண்டு நிமிடத்துக்குள் உப்பு போகிற தூரம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆகவே கொதிக்கவைப்பது வேகவைக்க மட்டும்தான். உப்பேற்றும் வேலையை அதற்கு முன்னாலோ பின்னாலோ முடித்துக்கொள்ள வேண்டும்.

நாலு மணி நேரம் என்றதும் மலைக்க வேண்டாம். உருளை வடிவத்துக்கு ஒரு தயவு உண்டு. 15 மில்லிமீட்டர் பருமனுள்ள உருளையில் வெளிப்புறத்து ஒரு மில்லிமீட்டரை மட்டும் கணக்கிட்டால், மொத்தச் சதையில் கால்பங்கு அதற்குள் அடங்கிவிடுகிறது. ஒன்றரை மில்லிமீட்டர் போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இருபது முப்பது நிமிடம் உப்புப் பிசறி வைத்தாலே இந்த ஆழத்துக்குப் போய்விடலாம். கடிக்கும்போது உள்ளும் புறமும் வாயில் ஒன்றாகக் கலப்பதால் அந்தக் கால்பங்கே முழு இறாலுக்கும் ருசி சேர்த்துவிடும். நம் வீடுகளில் உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறி, மற்ற வேலையைப் பார்த்துவிட்டு வந்து அடுப்பேற்றும் வழக்கம் இந்தக் கணக்குக்கு அச்சாகப் பொருந்துகிறது. உப்பு இன்னொரு உதவியும் செய்கிறது. தசைப் புரதத்தில் ஒரு பகுதியைக் கரைத்து நெகிழ்த்துவதால், வேகும்போது சதை நீரை அதிகம் இழக்காமல் பிடித்துக்கொள்கிறது.

எலுமிச்சை, புளி விஷயம் வேறு. அமிலம் புரதத்தைத் தானே கெட்டியாக்கும். அடுப்பே இல்லாமல் இறாலின் மேல்பக்கம் வெளுத்து வெந்ததுபோல் ஆகும். நெடுநேரம் எலுமிச்சைச் சாற்றில் ஊறியது அவித்தபின் மாவுமாவாக உதிரும். புளிப்பைக் கடைசியில் சேர்ப்பதே நல்லது. அதனால் வேறொரு லாபமும் உண்டு: கவுச்சிக்குக் காரணமான அமீன் வகை மூலக்கூறுகளை அமிலம் உப்பாக மாற்றிவிடுவதால் அவை ஆவியாகி மூக்குக்கு வருவதில்லை.

மிளகாயிலும் மஞ்சளிலும்தான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். மிளகாயின் காரமான கேப்சைசினும் மஞ்சளின் நிறமான குர்குமினும் நீரில் கரைவது அரிது, எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். வெறும் தண்ணீரில் மிளகாய்த்தூளைக் கொட்டிக் கொதிக்கவைத்தால் தூள் மிதக்கும், அடியில் படியும், இறாலின் காலிடுக்கில் ஒட்டும். காரம் நீரில் பரவாது. இரவெல்லாம் ஊறினாலும் சதைக்குள் போகாது. ஆகவே முதலில் சட்டியில் இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, நசுக்கிய பூண்டு, சோம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவற்றைக் கருகாமல் வதக்கி, அதன்மேல் தண்ணீர் ஊற்ற வேண்டும். காரமும் நிறமும் எண்ணெய்க்குள் இறங்கிவிட்டபின், அந்த எண்ணெய் இறாலை வெளியே எடுக்கும்போது அதன்மேல் படலமாக ஒட்டிக்கொண்டு வரும். உள்ளே போக முடியாததை வெளியே கனமாகப் பூசிவிடுகிற உபாயம் இது. நம் இறால் தொக்கு முழுக்க முழுக்க இந்த உபாயத்தில் நிற்கிறது. தமிழ்ச் சமையலின் மிகக் கூர்மையான கண்டுபிடிப்புகளில் ஒன்றாக நான் அதை மதிக்கிறேன்.

அமெரிக்காவின் லூசியானாவில் இறாலை அண்டா அண்டாவாக மசாலா நீரில் அவித்து மேசையில் கொட்டிச் சாப்பிடுவார்கள். அங்கே உப்பை வேறு வழியில் ஏற்றுகிறார்கள். ஓட்டோடு இறாலைப் போட்டு, வெந்த கணமே அடுப்பை அணைத்து, ஐஸோ உறையவைத்த சோளமோ கொட்டிச் சூட்டைத் தணித்து, அதே நீரில் கால் மணி நேரம் ஊறவிடுவார்கள். வேகுவது நின்றுவிடுகிறது, உப்பு மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. மேலே பார்த்த கணக்கை நேரடியாகப் பயன்படுத்தும் முறை இது. நம் அறைச் சமையலுக்கும் இது நன்றாக ஒத்துவரும். ஐஸ் இல்லாவிட்டால் ஒரு சொம்பு குளிர்ந்த தண்ணீர் போதும். ஆனால் அந்த நீர் நல்ல உப்பாக இருக்க வேண்டும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு, அந்த அளவை ஒட்டியே போடலாம். உப்புப் போட்டால் தண்ணீர் அதிகச் சூட்டில் கொதிக்கும் என்பார்கள். இந்த அளவு உப்புக்குக் கொதிநிலை அரை டிகிரிதான் உயரும். உப்பு ருசிக்கு மட்டுமே.

தண்ணீரின் அளவைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை, கவலைப்பட வேண்டும். ஒரு லிட்டர் கொதிநீரில் ஐஸிலிருந்து எடுத்த அரை கிலோ இறாலைக் கொட்டினால், இரண்டும் சமநிலைக்கு வரும்போது சூடு 70 டிகிரிக்கு இறங்கிவிடும். மூன்று லிட்டரில் கொட்டினால் ஏறத்தாழ 88-க்குக் கீழே இறங்காது. அறைகளில் இருக்கிற சின்ன இண்டக்‌ஷன் அடுப்பில் மறுபடி கொதி வர நேரமாகும். அந்த நேரத்தில் இறாலின் உட்பகுதி 55 முதல் 60 டிகிரிக்குள் தங்கி நிற்கும். அந்த வரம்பில்தான் சதையைக் கரைக்கும் நொதிகள் மும்முரமாக வேலை செய்யும். சதை கொழகொழவென்று போவதற்கு இது ஒரு காரணம். பெரிய பாத்திரம் இல்லையென்றால் இறாலை ஐஸிலிருந்து முன்கூட்டியே எடுத்து, ஈரம் வடித்து, மூன்று தடவையாகப் பிரித்துப் போடலாம்.

அந்த நொதிகள் எங்கிருந்து வருகின்றன? இறாலின் தலைக்குள், கல்லீரலும் கணையமும் ஒன்றாகச் சேர்ந்ததுபோல ஒரு செரிமானச் சுரப்பி இருக்கிறது. உயிரோடு இருக்கும்வரை அது இரையைச் செரிக்கும். செத்ததும் அதன் சாறு கசிந்து வாலை நோக்கி நகர்ந்து, இறால் தன் சதையையே செரிக்கத் தொடங்கிவிடும். காசிமேட்டிலும் பழவேற்காட்டிலும் பிடித்த இறால் ஸ்ரீபெரும்புதூர் வந்து சேர்வதற்குள் இது நடந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் அத்தனை ஐஸ். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் சந்தைக்கு வருவதில் பெரும்பங்கு குட்டையில் வளர்த்த வனாமி. லத்தீன் அமெரிக்காவின் பசிபிக் கரைக்குச் சொந்தமான இந்த இனத்தை வளர்க்க 2009-ல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. வந்த சில ஆண்டுகளிலேயே உள்நாட்டுப் புலி இறாலைக் குட்டைகளிலிருந்து கிட்டத்தட்ட ஒதுக்கிவிட்டது.

மீன்கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

“மண்டையக் கிள்ளிக் குடுத்துடட்டுமா தம்பி?”

“குடுத்துடுங்கக்கா. மண்டைய வீசிடாதீங்க, தனியா ஒரு கவர்ல போட்டுடுங்க.”

அந்தத் தம்பி விவரம் தெரிந்தவர். தலையைச் சீக்கிரம் நீக்கினால் வால் கெடாது. நீக்கிய தலையோ ருசிச் சுரங்கம். அன்றைக்கு வாங்கிய புது இறால் என்றால் தலையையும் ஓட்டையும் எண்ணெயில் வதக்குங்கள். சாம்பல் நிறம் செக்கச்சிவப்பாகி, எண்ணெயும் சிவக்கும். தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினால், இறாலை அவிக்க இதைவிடச் சிறந்த நீர் கிடையாது. ஓட்டில் கறுப்புப் புள்ளிகள் தென்பட்டால் பயம் வேண்டாம்; நறுக்கிய கத்தரிக்காயைக் கறுக்கவைக்கும் அதே வகை நொதிதான் அங்கும் வேலை செய்கிறது. ஆனால் நாளாகிவிட்டது என்பதற்கு அது ஒரு குறிப்பு. மூக்கு சொல்வதைக் கேட்டு முடிவுசெய்யுங்கள். முதுகில் ஓடும் கறுப்பு நரம்பு என்பது நரம்பல்ல, குடல். மண் நறநறக்காமல் இருக்க அதை எடுத்துவிடுவது நல்லது.

சில இறால் இனிப்பதும் சில இறால் வெறுமனே சதையாக இருப்பதும் தண்ணீர் செய்கிற வேலை. சுற்றிலும் உள்ள நீர் எவ்வளவு உப்போ அதற்கு ஈடுகொடுக்க, இறால் தன் செல்களுக்குள் கிளைசின் போன்ற அமினோ அமிலங்களைச் சேர்த்துவைக்கும். கிளைசின் இனிக்கும். ஆகவே நல்ல உப்பு நீரில் வாழ்ந்த இறால் இனிக்கும். வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுநீர் வந்து உப்புக் குறைந்த கழிமுகத்து இறாலும், உப்புக் குறைந்த குட்டையில் வளர்ந்த வனாமியும் அந்த அளவுக்கு இனிக்காது. கடல் இறாலுக்கே உரிய அந்த வாசம், அது தின்னும் பாசியிலும் புழுக்களிலும் இருந்து வரும் புரோமோபீனால்கள் தருவது. தீவனம் தின்று வளர்ந்ததில் அது குறைவு. வனாமிக்கு மசாலா கூடுதலாகவும் கடல் வெள்ளை இறாலுக்குக் குறைவாகவும் போடுவதுதான் இரண்டுக்கும் செய்கிற நியாயம்.

நிறம் மாறுவதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். உயிருள்ள இறாலின் ஓட்டில் அஸ்டாசாந்தின் என்ற செந்நிறப் பொருள் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் ஒரு புரதம் அதைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டிருப்பதால், அது உறிஞ்சும் ஒளி மாறி, நீலமும் சாம்பலுமாகத் தோன்றுகிறது. சூடு பட்டதும் புரதத்தின் பிடி தளர்கிறது, சிவப்பு வெளிப்படுகிறது. கல் இறாலின் உறவான லாப்ஸ்டரில் இந்தப் புரதத்தைப் பற்றி 1948-ல் எழுதியவர்களில் ஒருவர் ஜார்ஜ் வால்ட். கண் ஒளியை உணரும் விதத்தை ஆராய்ந்து பின்னால் 1967-ல் நோபல் பரிசு பெற்றவர். நிறமியோடு பிணைந்த அந்தப் புரதத்தின் வடிவம் எக்ஸ் கதிர் ஆய்வில் தெளிவானது 2002-ல்தான். இறால் இந்த நிறமியை அடியிலிருந்து தானே உருவாக்குவதில்லை. மூலப்பொருள் பாசியிலிருந்து உணவு வழியாக வருகிறது. பழவேற்காட்டு ஏரிக்கு வரும் பூநாரைகளின் இளஞ்சிவப்பும் இதே குடும்பத்து நிறமிகளால், இதே வழியில் வந்ததுதான்.

இவ்வளவு அழகான மாற்றத்தைப் பார்த்து அடுப்பை அணைத்தால் ஏமாந்துபோவோம். சிவப்பு வெளிப்பக்கத்துச் செய்தி. ஓடு சிவந்த அந்தக் கணத்தில் மையம் இன்னும் வேகாமல் இருக்கலாம். ஒன்றை எடுத்து, தடித்த இடத்தில் குறுக்கே வெட்டிப் பாருங்கள். சுற்றிலும் வெண்மை, நடுவே பட்டாணி அளவில் கண்ணாடித் தெளிவாக ஒரு வட்டம் இருந்தால் இன்னும் அரை நிமிடம் பாக்கி. வட்டம் மறைந்து முழுக்கப் பால் வெண்மையானதும் எடுத்துவிட வேண்டும். மையோசின் என்ற தசைப் புரதம் 50, 60 டிகிரிக்குள் இறுகிச் சதையை வெண்மையாக்கும். 70-ஐத் தாண்டினால் ஆக்டின் என்ற இன்னொரு புரதமும் சுருங்கி, இருக்கிற நீரைப் பிழிந்து வெளியேற்றும். மீன், இறாலின் மையம் 63 டிகிரியை எட்ட வேண்டும் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதி. ஆகவே நமக்குக் கிடைத்திருப்பது 63-க்கும் 70-க்கும் நடுவே ஒரு குறுகிய சந்து. இறால் எதிரியைக் கண்டால் வாலை மடக்கிப் பின்னோக்கிப் பாயும். அதற்கான மடக்குத் தசைதான் வாலின் பெரும்பகுதி. சூட்டில் அது சுருங்கும்போது இறால் வளைகிறது. பிறைபோல வளைந்தால் பதம். தலைப்பக்கம் வாலைத் தொடும்படி வளையமாகச் சுருண்டால் பதம் கடந்துவிட்டது.

இந்தப் பகுதியில் சாப்பாட்டைப் பற்றி எழுதும் யாரும் 2021 டிசம்பரைத் தாண்டிப் போக முடியாது. ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளிகள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். மூடிய ஆலை 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தது. கைபேசி செய்கிற கைகளுக்கு நல்ல சோறு போடவேண்டிய கடமையை நாடே பேசியது அப்போதுதான். அது இன்னும் உரக்கப் பேசப்பட வேண்டிய விஷயம்.

அறையில் தானே சமைப்பவர்களுக்கும் ஆபத்து உண்டு, அது ஷிஃப்ட் வடிவில் வருகிறது. மதியம் அவித்துவைத்துவிட்டு இரண்டாம் ஷிஃப்டுக்குப் போய், நள்ளிரவு நெருங்கித் திரும்பிவந்து சாப்பிடுகிறார்கள். கொதிநீர் கிருமிகளைக் கொல்லும்; ஆனால் சட்டி ஆறி 60 டிகிரிக்குக் கீழே வந்ததும், கரண்டி வழியாகவும் கை வழியாகவும் வந்த புதுக் கிருமிகள் பெருகத் தொடங்கும். வெந்த இறாலை வெளியே வைக்கலாம் என்றால் இரண்டு மணி நேரம். வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரம்தான். நம் ஊரில் வருடத்தின் பெரும்பகுதி அப்படித்தான். சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் அழியாது. ஃபிரிட்ஜ் இல்லாத அறையில் இறாலை வேலை முடிந்து வந்தபின் அவித்து அப்போதே சாப்பிடுவதுதான் வழி. இரண்டே நிமிடத்தில் வெந்துவிடும் பண்டம் என்பதால் இது முடியாத காரியமல்ல. ஆனால் அதுவரை பச்சை இறால் நிறைய ஐஸுக்குள் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒவ்வாமை. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் பி. வி. சுப்பா ராவ் குழுவினர், அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து, நம் கடலோரத்து வெள்ளை இறாலையே எடுத்து, சூட்டுக்கு அழியாத ஒவ்வாமைப் பொருள்கள் அதில் இருப்பதை 1989-ல் காட்டினார்கள். 1993-ல் அதில் முக்கியமானது ட்ரோபோமையோசின் என்ற தசைப் புரதம் என்று உறுதிசெய்தார்கள். எவ்வளவு கொதித்தாலும் அது தன் குணத்தை விடாது. அவித்த நீரிலும் கரைந்து இறங்கும். ஒரே அடுப்பில் நாலு பேர் சமைக்கும் அறையில் இதைச் சொல்லிவைக்க வேண்டியது அவசியம். ஒடிசாவிலிருந்து வந்த ஒருவர் சிலிகா ஏரி இறாலைத் தின்றே வளர்ந்திருப்பார். பக்கத்துப் பாயில் படுப்பவர் வாழ்நாளில் முதல்முறையாக இங்கேதான் அதைத் தொட்டிருப்பார். இறால் ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால், அவித்த நீரைக் குழம்பில் ஊற்றி “இறால் போடவில்லை” என்று பரிமாறக்கூடாது. கரண்டியும் சட்டியும் சோப்புப் போட்டுத் தேய்த்தபின்பே அடுத்த சமையல். கொதிக்கும் ஆவிகூடச் சிலருக்குப் பிரச்சினை தரும் என்பதால், அந்த நேரத்தில் அவர் வெளியே இருப்பது நல்லது. உதடு தடித்து, உடம்பெல்லாம் தடிப்பு எழும்பி, மூச்சுத் திணறினால், தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம், சரியாகிவிடும் என்று ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 108-ஐ அழைத்துவிட வேண்டும்.